ஒரே பென்சீன், ஐந்து வரம்பு: இதில் எது ‘பாதுகாப்பான அளவு’?

#1 வால்வுக்காரன்

வணக்கம். கரைப்பான் சேமிப்புக் கிடங்கு ஒன்றில் பதினோரு வருடமாக ஷிப்டு வேலை பார்க்கிறேன். தொட்டி மேலே ஏறி மட்டம் பார்ப்பது, மாதிரி எடுப்பது, லாரிக்குக் குழாய் மாட்டுவது, இதுதான் வேலை. போன மாதம் வெளியிலிருந்து ஆட்கள் வந்து எங்களில் சிலர் மீது பம்ப் மாட்டிக் காற்று மாதிரி எடுத்தார்கள். ரிப்போர்ட் வந்துவிட்டது. என் வரிசை எண்ணுக்கு நேரே இப்படி இருக்கிறது: பென்சீன் 0.6 பிபிஎம், வரம்பு 1 பிபிஎம், பாதுகாப்பானது. (பிபிஎம் என்றால் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு; பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் கரைப்பான்.)

படித்ததும் நிம்மதியாகத்தான் இருந்தது. ராத்திரி தூக்கம் வராமல் போனில் தேடப்போய் நிம்மதி போய்விட்டது. அமெரிக்காவில் தொழிலாளருக்குச் சட்டப்படி 1 பிபிஎம். அதே நாட்டின் தொழில்நல ஆராய்ச்சி நிறுவனம் 0.1 என்கிறது. ஐரோப்பாவில் 2026 ஏப்ரலிலிருந்து 0.2. ஊர்க் காற்றுக்கு அதே ஐரோப்பாவில் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். குடிநீருக்கு அமெரிக்காவில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், ஆனால் ‘இலக்கு பூஜ்யம்’ என்றும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

பொருள் ஒன்று, உடம்பும் ஒன்றுதான். எதை நம்புவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 அளவுகோல்

நச்சியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஐந்தும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கு வந்த பதில். முதலில் எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவருவோம், அப்போதுதான் விஷயத்தின் அளவு புரியும்.

காற்றில் 1 பிபிஎம் பென்சீன் என்றால் கனமீட்டருக்கு ஏறக்குறைய 3.2 மில்லிகிராம். உங்கள் 0.6 என்பது 1.9 மி.கி. ஒரு ஷிப்டில் சுமார் 10 கனமீட்டர் காற்றை இழுக்கிறீர்கள். ஆக ஒரு நாள் வேலையில் 19 மி.கி. பென்சீன் மூக்கு வழியாகப் போகிறது. அதில் பாதி மூச்சோடு திரும்பி வந்துவிடும் என்று வைத்தாலும் கணிசம்தான்.

ஊர்க் காற்று 5 மைக்ரோகிராம் என்றால், நாள் முழுக்க 20 கனமீட்டருக்கு 0.1 மி.கி. குடிநீர் என்றால் இரண்டு லிட்டருக்கு 0.01 மி.கி.

உங்கள் ‘பாதுகாப்பானது’ ஊர்க்காரருடைய ‘பாதுகாப்பான’தைவிட 190 மடங்கு. தண்ணீர்க் கணக்கோடு வைத்தால் 1,900 மடங்கு.

ஏன் இப்படி? உலக சுகாதார நிறுவனம் பென்சீனுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதையும் பரிந்துரைப்பதில்லை. ஆபத்தின் அளவை மட்டும் சொல்கிறது: வாழ்நாள் முழுக்க கனமீட்டருக்கு 0.17 மைக்ரோகிராம் உள்ள காற்றைச் சுவாசித்தால் பத்து லட்சம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாக லுக்கேமியா (ரத்தப் புற்றுநோய்) வரலாம். 1.7 என்றால் லட்சத்தில் ஒருவர். 17 என்றால் பத்தாயிரத்தில் ஒருவர். இதில் எங்கே கோடு கிழிப்பது என்பது அரசு முடிவு செய்வது, வேதியியல் அல்ல.

இப்போது உங்கள் 1 பிபிஎம். 1987இல் அந்த வரம்பைக் கொண்டுவந்த அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு நிர்வாகமே (ஓஷா) போட்ட மதிப்பீடு: 10 பிபிஎம்மில் 45 வருடம் வேலை செய்தால் ஆயிரம் பேரில் சுமார் 95 கூடுதல் லுக்கேமியா மரணம், 1 பிபிஎம்மில் சுமார் 10. அந்தப் பத்து இருக்கும் என்று தெரிந்துதான் 1இல் நின்றார்கள். அதற்குக் கீழே ஆலைகளால் இறங்க முடியாது என்பது வாதம். அதாவது 1 பிபிஎம் என்பது ‘இதற்குக் கீழே ஆபத்தில்லை’ என்ற கோடு இல்லை. ‘இதற்குக் கீழே கொண்டுவர எங்களால் ஆகாது’ என்று 1987இல் ஒத்துக்கொண்ட கோடு. அதை ரிப்போர்ட்டில் ‘பாதுகாப்பானது’ என்று அச்சடிப்பதுதான் எனக்கு எரிச்சல். ‘வரம்புக்குள் உள்ளது’ என்று எழுதியிருந்தால் நேர்மை.

#3 கோடைமழை

ஆரம்பிச்சாச்சு. அளவுகோல் சார், ஒரு மனுஷன் தூக்கம் வராம வந்து கேட்டா இன்னும் ரெண்டு நாள் தூங்க விடாம பண்ணிட்டீங்க.

அளவுக்கு மிஞ்சினால்தான் அமிர்தமும் நஞ்சு. அதன் மறுபக்கம், அளவுக்குள்ள இருந்தா நஞ்சும் ஒண்ணும் பண்ணாது. இந்தப் ‘பூஜ்யமே பாதுகாப்பு’ கும்பல் சாக்கரின்ங்கிற செயற்கை இனிப்பை என்ன பாடு படுத்தினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். எலிக்கு வாளி வாளியா கொடுத்து, சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததுன்னு 1977ல் தடை போடப் பார்த்தாங்க. முடியாம எச்சரிக்கை லேபிள் ஒட்டினாங்க. 2000ல் அந்த லேபிளையும் கிழிச்சாச்சு. 2023ல் அஸ்பார்டேம்ங்கிற இன்னொரு செயற்கை இனிப்பு ‘புற்றுநோய் உண்டாக்கலாம்’னு செய்தி. அதே நாள்ல அதே உலக சுகாதார நிறுவனத்தோட இன்னொரு குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மி.கி. வரை தினமும் சாப்பிடலாம், பழைய அளவை மாத்த வேண்டியதில்லைன்னு சொல்லுச்சு. யாரு இதை நம்புறது?

#4 ஓரமாநிற்பவன்

சூரிய ஒளியும் புளூட்டோனியமும் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களோட ஒரே பட்டியல்ல முதல் பிரிவுல இருக்கு. நான் இனிமே ராத்திரி மட்டும் வெளியே போறதா முடிவு பண்ணிட்டேன் 😀

#5 அளவுகோல்

ஓரமாநிற்பவன், சிரிக்க வைத்தாலும் குழப்பம் அங்கேதான் இருக்கிறது. சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமையின் பட்டியல் ‘இது புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கு எவ்வளவு உறுதியான ஆதாரம்’ என்று மட்டும் பேசும். எவ்வளவு போனால் எத்தனை பேருக்கு என்று பேசாது. கத்தி வெட்டும் என்பது பட்டியல். உங்கள் விரலில் எவ்வளவு ஆழம் வெட்டும் என்பது வேறு கணக்கு. அஸ்பார்டேம் விஷயத்தில் இரண்டு குழுவும் ஒன்றையொன்று மறுக்கவில்லை, கோடைமழை. ஒரு குழு முதல் கேள்விக்குப் பதில் சொன்னது, இன்னொன்று இரண்டாவதற்கு. செய்திக்காரர்கள் இரண்டையும் சேர்த்துக் கலக்கிவிட்டார்கள்.

சாக்கரின் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அது ஏன் விடுபட்டது என்பதையும் சொல்லுங்கள். ஆண் எலியின் சிறுநீரில் அதிக டோஸில் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் சேர்ந்தன. அவை பையின் உள்தோலை உராய்ந்து உராய்ந்து, புண் ஆறி ஆறி, கடைசியில் கட்டி. மனிதச் சிறுநீர் அப்படி இல்லை. இந்த மாதிரிப் பொருளுக்கு உங்கள் பழமொழி அட்சரசுத்தமாகப் பொருந்தும். படிகம் சேராத அளவில் ஆபத்தும் இல்லை.

ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவையும் பாருங்கள். 14.3 பிபிஎம்மில் எலிகளில் பாதிக்கு நெருக்கமாக மூக்கில் புற்று. 5.6இல் நூற்றுக்கு ஒன்று. 2இல் ஒன்றுமில்லை. அளவு குறையும் அதே விகிதத்தில் ஆபத்தும் குறையும் நேர்கோடாக இருந்தால் இப்படி விழாது. அது நம் ரத்தத்திலேயே இயல்பாக உள்ள பொருளும்கூட. ‘ஒரு மூலக்கூறு போதும்’ என்று அதைப் பற்றிச் சொல்வது அபத்தம்.

ஆனால் பென்சீனை அந்தத் தட்டில் வைக்க முடியாது. கல்லீரலில் உடைந்து உருவாகும் பொருட்கள் எலும்பு மஜ்ஜைக்குப் போய், ரத்த அணுக்களின் தாய்ச்செல்களைத் தாக்குகின்றன. எந்த அளவுக்குக் கீழே இது நின்றுவிடும் என்று யாரும் காட்டவில்லை. காட்டாதவரை நேர்கோடு போடுவதுதான் வழக்கம். கோடு தவறாக இருக்கலாம். அப்போது ஜாக்கிரதைப் பக்கம் தவறட்டும் என்பது அதன் நியாயம்.

#6 பழையகோப்பு

ரிடையர் ஆன தொழிற்சங்கக்காரன். 10, 1 என்று எண்ணைச் சொல்கிறீர்கள், நடுவில் போன ஒன்பது வருடத்தை யாரும் சொல்லவில்லை.

ஓஷா பென்சீன் வரம்பை 10இலிருந்து 1க்கு இறக்கியது 1978இல். எண்ணெய் நிறுவனங்களின் சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1980இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. ‘வரம்பைக் குறைக்கும் முன், இப்போதுள்ள அளவில் குறிப்பிடத்தக்க ஆபத்து இருக்கிறது என்று நீங்கள் எண்ணில் காட்ட வேண்டும்’ என்றது. நீதிபதி ஸ்டீவன்ஸ் உதாரணமும் சொன்னார். குளோரின் கலந்த நீரைக் குடிப்பதில் நூறு கோடியில் ஒரு பங்கு ஆபத்து என்றால் பொருட்படுத்த வேண்டாம். பென்சீன் உள்ள பெட்ரோல் ஆவியைத் தொடர்ந்து சுவாசிப்பதில் ஆயிரத்தில் ஒருவர் சாவார் என்றால் அறிவுள்ள எவரும் பொருட்படுத்துவார். ஆயிரத்தில் ஒன்று என்ற எண் தொழிலாளர் சட்டத்துக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான்.

பிறகு ஓஷா கணக்குப் போட்டுத் திரும்ப அதே 1 பிபிஎம்முக்கு வந்தபோது 1987. நடுவில் அந்த நாட்டுத் தொழிலாளிக்குச் சட்ட வரம்பு 10தான்.

‘இதற்குக் கீழே ஆலைகளால் முடியாது’ என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு வினைல் குளோரைடு ஞாபகம் வரும். பிவிசி பிளாஸ்டிக்கின் மூலப்பொருள். பெரிய கொதிகலன் போன்ற கலத்தில் பிவிசி தயாராகும். ஒவ்வொரு தடவையும் உள்சுவரில் ஓடு பிடிக்கும். ஆள் உள்ளே இறங்கிச் சுரண்ட வேண்டும், வாயு தங்கியிருக்கும் கலத்துக்குள். வரம்பு அப்போது 500 பிபிஎம். 1974 ஜனவரியில் அமெரிக்காவின் லூயிவில் ஊரில் ஒரே ஆலையில் மூன்று தொழிலாளர் ஈரலில் ரத்தக்குழாய்ப் புற்றுநோயால் செத்தது வெளியே வந்தது. அது அத்தனை அரிதான புற்று. ஒரு டாக்டர் வாழ்நாளில் ஒன்று பார்ப்பதே அபூர்வம், அதனால்தான் கண்ணில் பட்டது. லுக்கேமியாவோ நுரையீரல் புற்றோ ஆகியிருந்தால் கூட்டத்தில் கரைந்திருக்கும். இத்தாலியில் மால்டோனி என்ற விஞ்ஞானி எலிகளில் இதே புற்றை ஏற்கெனவே பார்த்திருந்தார்.

அந்த வருடமே 500ஐ 50 ஆக்கி, பிறகு 1 ஆக்கினார்கள். தொழிலே அழியும் என்றார்கள். அழிந்ததா? சுவரை உயர் அழுத்த நீரால் கழுவினார்கள், கலத்தை மூடினார்கள், தப்பும் வாயுவைப் பிடித்துத் திரும்ப உபயோகித்தார்கள். பிவிசி இன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. ‘முடியாது’ என்பது பல சமயம் ‘இன்னும் கட்டாயப்படுத்தவில்லை’ என்பதன் மரியாதையான வடிவம், தம்பி.

#7 கோடைமழை

பழையகோப்பு ஐயா சொன்ன வினைல் குளோரைடு கதைக்கு என்கிட்ட பதில் இல்லை, ஒத்துக்கிறேன். ஆனா எதிர்ப்பக்கமும் ஒண்ணு இருக்கு. அமெரிக்காவில் 1958ல் வந்த டெலானி விதி: விலங்குக்கோ மனுஷனுக்கோ புற்று உண்டாக்கினா, அது உணவுச் சேர்க்கையா இருக்கவே கூடாது, அளவு பேச்சே இல்லை. 1958ல் அளக்கும் கருவிக்கு ரொம்பச் சின்ன அளவு எட்டாது, கருவியில் தெரியலைன்னா பூஜ்யம். இன்னைக்கு அதைவிடப் பல லட்சம் மடங்கு சின்ன அளவும் தெரியுது. பூஜ்யம் ஓடிக்கிட்டே இருக்கு, சட்டம் அதே இடத்துல நிக்குது.

விளைவு? உணவுல சேர்க்கிற சிவப்பு 3 சாயம். ஆண் எலிக்கு தைராய்டு கட்டி. அந்த வழிமுறை மனுஷனுக்கு நடக்காதுன்னு அவங்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவே சொல்லுது, ஆனாலும் 2025 ஜனவரியில் அனுமதியை ரத்து பண்ணாங்க. ஏன்னா சட்டம் அப்படி. அதைவிடக் கூத்து, முகப்பூச்சுல இதே சாயத்தை 1990லயே தடை பண்ணிட்டு, வாயில போறதுல 35 வருஷம் விட்டு வெச்சிருந்தாங்க.

#8 அளவுகோல்

இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். 1996இல் பூச்சிக்கொல்லி எச்சங்களை அந்த விதியிலிருந்து வெளியே எடுத்ததும் இதே காரணத்துக்குத்தான்.

#9 மாத்திரைப்பெட்டி

மருந்துத் தரக்கட்டுப்பாட்டில் இருக்கேன். கோடு எப்படிக் கிழிக்கிறாங்கன்னு ஒரு முழுக் கணக்கைக் காட்டறேன், பாருங்க. 2018ல் வல்சார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரையில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய என்டிஎம்ஏ என்ற நைட்ரோசமீன் கலப்பு இருக்கிறதைக் கண்டுபிடிச்சு உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றாங்க. அப்புறம் ஒரு நாளைக்கு 96 நானோகிராம் வரை இருக்கலாம்னு வரம்பு வெச்சாங்க. 96, நூறுகூட இல்லை! எங்கிருந்து வந்தது?

எலிகளில் பாதிக்குக் கட்டி வர வைக்கும் டோஸ்: கிலோவுக்கு தினம் 0.096 மி.கி. மனுஷன் எடை 50 கிலோன்னு வெச்சுப் பெருக்கினா 4.8 மி.கி. இது இரண்டில் ஒருவருக்கு. நமக்கு வேண்டியது லட்சத்தில் ஒருவர். அதனால 50,000ஆல் வகுக்கணும். விடை 0.000096 மி.கி., அதாவது 96 நானோகிராம். தினம் ஒரு மாத்திரை, 70 வருஷம்.

அவ்வளவுதான். பாதி எலியிலிருந்து லட்சத்தில் ஒரு மனுஷன் வரைக்கும் ஒரே ஸ்கேல் வெச்சு இழுத்த கோடு. நடுவுல யாரும் போய்ப் பார்க்கலை, பார்க்கவும் முடியாது. லட்சத்தில் ஒண்ணைப் பரிசோதனையில் காட்டணும்னா எத்தனை எலி வேணும்னு யோசிங்க. நான் தினம் இந்த எண்ணை வெச்சுத்தான் பேட்ச் பாஸ், ஃபெயில் போடறேன். 97 வந்தா ஃபெயில். 95க்கும் 97க்கும் நடுவுல உடம்புக்கு எந்த வித்தியாசமும் கிடையாதுன்னு எனக்கும் தெரியும். எங்கேயாவது கோடு வேணும், இல்லேன்னா 500 வந்தாலும் ‘கிட்டத்தட்ட சரிதான்’னு யாராவது கையெழுத்து வாங்க வருவாங்க.

#10 கண்மணி

இந்தக் கணக்கெல்லாம் 50 கிலோ, 70 கிலோ பெரியவங்களுக்கா? குழந்தைங்களுக்கு?

#11 அளவுகோல்

கண்மணி அவர்களே, பல வரம்புகள் பெரியவர் கணக்கில் வந்தவைதான். மரபணுவை நேரடியாகத் தாக்கும் பொருட்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2005இல் ஒரு திருத்தம் கொடுத்தது: இரண்டு வயதுக்குள் படும் அளவை 10 மடங்காகவும், 2 முதல் 16 வயது வரை 3 மடங்காகவும் எண்ணிக் கணக்குப் போட வேண்டும், அந்தப் பொருளுக்கென்று தனித் தரவு இல்லாவிட்டால். ஊர் வரம்பு இறுக்கமாகவும் ஆலை வரம்பு தளர்வாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஊருக்குள் குழந்தை, கர்ப்பிணி, நோயாளி எல்லாரும் இருக்கிறார்கள்.

#12 பழையகோப்பு

இன்னொரு காரணமும் உண்டு. தொழிலாளி ‘தெரிந்தே, சம்பளம் வாங்கிக்கொண்டு’ ஆபத்தை ஏற்றுக்கொள்கிறான் என்ற நினைப்பு. வால்வுக்காரன் தம்பி, உங்களிடம் வேலைக்குச் சேரும்போது ஆயிரத்தில் எத்தனை பேர் என்று யாராவது சொன்னார்களா?

#13 மலர்விழி

வால்வுக்காரன் அண்ணா, நான் அந்தப் பம்ப் மாட்டுற வேலைதான் பார்க்கிறேன், வேறு கம்பெனியில். எல்லாரும் வரம்பைப் பற்றியே பேசுறீங்க. உங்க 0.6ஐ யாரும் பார்க்கலை.

உங்க சட்டைக் காலரில் ஒரு கண்ணாடிக் குழாய் மாட்டியிருப்பாங்க. விரல் நீளம், பென்சிலைவிட மெலிசு. ரெண்டு முனையையும் உடைச்சு ரப்பர் குழாயில் சொருகி, இடுப்புப் பம்ப் வழியா நிமிஷத்துக்கு ஐம்பது மி.லி. போல காற்றை இழுப்போம். உள்ளே தேங்காய்ச் சிரட்டைக் கரி, முன்னாடி 100 மி.கி., பஞ்சுத் தடுப்பு, பின்னாடி 50 மி.கி. பென்சீன் முன்பக்கக் கரியில் ஒட்டிக்கும். பின்பக்கத்தில் முன்பக்கத்தோட பத்தில் ஒரு பங்குக்கு மேல் வந்திருந்தா, கரி நிறைஞ்சு வழிஞ்சிருக்குன்னு அர்த்தம், அந்த மாதிரியை நம்பக் கூடாது. உங்க ரிப்போர்ட்டில் பின்பக்க அளவு இருக்கான்னு பாருங்க.

முக்கியமானது இனிமேதான். எட்டு மணி நேரம் ஒரே குழாய் என்றால் அது சராசரி. கரிக்கு நேரம் தெரியாது. தொட்டி மூடியைத் திறந்து குனிஞ்சு 15 நிமிஷம் நிக்கிறீங்க, அங்கே 15 பிபிஎம்னு வெச்சுக்கோங்க. மிச்ச 465 நிமிஷம் 0.1. கூட்டி 480ஆல் வகுங்க: 0.57. ரிப்போர்ட்டில் 0.6. பாதுகாப்பானது!

அந்த 1 பிபிஎம் சட்டத்திலேயே இன்னொரு வரி இருக்கு: எந்தப் 15 நிமிஷத்திலும் 5ஐத் தாண்டக் கூடாது. அதுக்குத் தனிக் குழாய் மாட்டணும், தொட்டி திறக்கிற நேரத்துக்குன்னு. மாட்டினாங்களா? இல்லேன்னா உங்க ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்.

மூக்கை நம்பாதீங்க. வாசனை தெரியுதுன்னா பெரும்பாலும் 1ஐத் தாண்டியாச்சு, அதுவும் கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப்போகும். கையுறை நீல நைட்ரைலா? பென்சீன் அதைச் சில நிமிஷத்தில் கடந்துடும். அது தெறிச்சா கழட்டிப் போடறதுக்கு மட்டும்தான்.

#14 வால்வுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. முக்கியமாக மலர்விழிக்கு. பழையகோப்பு ஐயா கேட்டதற்குப் பதில்: இல்லை, யாரும் சொல்லவில்லை. சேரும்போது ஹெல்மெட்டும் ஷூவும் கொடுத்தார்கள்.

இன்று பாதுகாப்பு அலுவலரிடம் முழு ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினேன். நல்ல மனுஷன், கேட்டதும் எடுத்துக் கொடுத்தார், இதுவரை யாரும் கேட்டதில்லையாம். பின்பக்கக் கரியில் ஒன்றுமில்லை, அது சரி. பதினைந்து நிமிட மாதிரி எடுக்கவே இல்லை. இன்னொன்றும் இருந்தது. மாதிரி எடுத்தவர்கள் ‘அன்றைய வேலை’ என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அன்று காலையிலிருந்து மழை. நான் தொட்டி மேலே ஏறியது ஒரே ஒரு தடவை.

சாதாரண நாளில் நாலு தடவை ஏறுவேன். மலர்விழி சொன்ன கணக்கையே நாலு ஏற்றத்துக்குப் போட்டேன்: 60 நிமிடம் 15, மிச்சம் 420 நிமிடம் 0.1. வகுத்தால் 1.96. அந்தப் 15 என்பது ஊகம்தான், தெரியும். உண்மையில் 3 ஆகவும் இருக்கலாம், 30 ஆகவும் இருக்கலாம். அதனால்தான் அளக்கச் சொல்லிக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெயில் நாளில், நாலு ஏற்றத்துக்கும் தனித்தனிக் குழாய்.

#15 கோடைமழை

அண்ணே, எண் வந்ததும் இங்கேயே போடுங்க. கம்மியா வந்தா நான்தான் முதல்ல சந்தோஷப்படுவேன். அதுவரைக்கும் காத்து அடிக்கிற பக்கம் முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு, மூடியைத் தலைக்கு நேரா திறக்காம, பக்கவாட்டுல ஒதுங்கி நின்னு திறங்க. அதுக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

#16 மலர்விழி

முதுகைக் காட்ட வேண்டாம், அண்ணா. முதுகில் காற்று பட்டால் உங்க முகத்துக்கு முன்னாடியே சுழல் உண்டாகி ஆவி திரும்ப மூக்குக்கு வரும். காற்று உங்களுக்குக் குறுக்கே, பக்கவாட்டில் போகிற மாதிரி நில்லுங்க. எத்தனை பேர் இந்த ஒரு விஷயத்தில் தப்புப் பண்ணிப் பார்த்திருக்கேன்.